துரை ஏறிய வண்டி, தமிழன் ஓட்டிய வண்டி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளை வீட்டிலேயே பிரித்து, சீர்செய்து, மாற்றியமைத்து ஓட்டுவது வெறும் பொழுதுபோக்கா, பயனுள்ள பணியா? இதுதான் இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. "இது காசைக் கரியாக்கும் வேலை. புதிய வண்டி வாங்க வழியிருக்கும்போது, அறுபது வயதுக் கிழட்டு வண்டிக்கு எதற்கு அலங்காரம்?" என்று எனக்கு முன் பேசிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் பக்கமே தீர்ப்பு போகும். நான் வேறொரு கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். அது வரலாற்றுக் கணக்கு.

ஜொகூரில் கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் என்று உள்ளே போனால், வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு, கட்டைகளின் மேல் ஒரு பழைய லேண்ட்ரோவரையோ ஜீப்பையோ ஏற்றி வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதனடியில் படுத்துக் கிடப்பார்கள். மனைவிமார் திட்டுவார்கள். பிள்ளைகள் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வண்டி எங்கிருந்து வந்தது, யாரைச் சுமந்தது, யார் ஓட்டினார், யார் பழுது பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குள் நம் தோட்டப்புற வாழ்க்கையின் பாதிக் கதை இருக்கிறது.

போர் பெற்ற பிள்ளை

முதலில் ஜீப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. சேறு, மணல், மலை எங்கும் போகக்கூடிய, எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கிற சிறிய வண்டி ஒன்று அமெரிக்க இராணுவத்துக்குத் தேவைப்பட்டது. பான்டம் என்ற சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் பெரிய அளவில் தயாரிக்கும் வாய்ப்பு வில்லிஸ் நிறுவனத்துக்கும் ஃபோர்டு நிறுவனத்துக்கும் போனது. போர் முடிவதற்குள் அவை இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்!

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மலாயாவுக்குத் திரும்பியபோது இந்த ஜீப்புகளும் கூடவே வந்தன. போர் முடிந்த பிறகு உபரி இராணுவ வண்டிகள் உலகம் முழுதும் பொதுமக்கள் கைக்குப் போயின. தாயகமான இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அங்கே நீலகிரி, வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலும் ஜீப் ஓடியது. இங்கே ரப்பர் தோட்டங்களிலும் ஓடியது. கடலின் இரு கரையிலும் நம்மவர் அதே வண்டியைப் பார்த்தார்கள்.

ஒட்டுப்போட்டுப் பிறந்த வண்டி

அந்த ஜீப்பிலிருந்துதான் லேண்ட்ரோவர் பிறந்தது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் மொரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு ஒரு பழைய இராணுவ ஜீப்பை வைத்திருந்தார். 'இது கெட்டுப்போனால் வேறு என்ன வாங்குவது?' என்ற எண்ணத்தில் எழுந்ததுதான் லேண்ட்ரோவர். 1947-ல் செய்த முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்த வண்டியே ஒரு 'மோடிஃபை' செய்த ஜீப்தான்! இன்று வாசலில் வண்டியை மாற்றியமைப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்போது பிரிட்டனில் இரும்புக்குக் கட்டுப்பாடு. எஃகுத் தகடு வேண்டிய அளவு கிடைக்கவில்லை. அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதை எளிதாகக் கையாலேயே வளைக்கலாம். பெரிய அச்சு இயந்திரங்கள் தேவையில்லை. லேண்ட்ரோவரின் மேனி தட்டையாக, பெட்டி போல இருப்பதற்கு இதுவே காரணம். பஞ்சம் கொடுத்த அழகு அது. எஃகுத் தகடாக இருந்திருந்தால் நம் நாட்டு மழையில் எப்போதோ கரைந்திருக்கும். அலுமினியமாக இருந்ததால் எழுபது ஆண்டு கழித்தும் நம் கைக்குக் கிடைக்கிறது.

1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. 80 அங்குலச் சக்கர இடைவெளி, 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், விலை 450 பவுன். இருக்கைக்குப் பக்கத்தில் சிவப்புத் தலை, மஞ்சள் தலை வைத்த நெம்புகோல்கள் பின்னாளில் அதன் அடையாளமாகின. மஞ்சளை அழுத்தினால் முன்சக்கரமும் இழுக்கும். சிவப்பை இழுத்தால் வேகம் குறைந்து வலு கூடும். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஓட்டலாம்.

ஏழு வாரத்தில் மாறிய நாடு

அந்த வண்டி உலகுக்கு அறிமுகமாகி ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில் பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதி அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது.

ஜொகூர் அதில் பெரும் அடிபட்ட மாநிலம். காடும் தோட்டமும் கலந்து கிடந்த நிலம். பால்மரக் காட்டின் விளிம்பில் நின்றால் மறுபக்கம் அடர்காடு. தோட்டத்து மண்பாதைகள்தாம் போக்குவரத்துக்கு வழி. 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களிலோ நம் மக்கள் இருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இரவில் ஊரடங்கு. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. விடியலில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதித்து அனுப்பினார்கள். இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் காட்டுப்படை. நடுவில் நின்றவன் தோட்டத் தொழிலாளி.

அந்தக் காலத்தில்தான் லேண்ட்ரோவர் மலாயாவின் மண்பாதைகளில் நிலைகொண்டது. காவல்துறை, இராணுவம், பொதுப்பணித் துறை, தோட்டம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. தோட்ட நிர்வாகிகள் பதுங்கித் தாக்குதலுக்கு அஞ்சித் தங்கள் வாகனங்களுக்கு இரும்புத் தகடு அடித்துக் கொண்டார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகட்டில் சிறு துளை வைத்து, அதன் வழியே பாதையைப் பார்த்து ஓட்டினார்கள். இன்று இளைஞர்கள் அழகுக்காக வண்டியை மாற்றியமைக்கிறார்கள். அன்று உயிருக்காக மாற்றியமைத்தார்கள். தகட்டின் சுமையால் வில்தகடுகள் தொய்ந்தன, பிரேக் திணறியது, இயந்திரம் கொதித்தது. அதையெல்லாம் சமாளித்து மறுநாள் காலை வண்டியை ஓடவைத்தது யார்?

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். துரை பின்னால் உட்கார்ந்தார். கிராணி கணக்கெழுதினார், அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருப்பார். ஓட்டுநர் இருக்கையிலும் பட்டறையிலும் இருந்தவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழர்கள். பால் லோரி ஓட்டியவர், தோட்டத்து மின் இயந்திரத்தைக் கவனித்தவர், புகைவீட்டில் இயந்திரம் பூட்டியவர் எல்லாரும் ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்கள். பாகம் வர மாதக் கணக்காகும். அதுவரை காத்திருக்க முடியாது. உடைந்ததைப் பற்றவைத்து, தேய்ந்ததைக் கடைந்து, இல்லாததைச் செய்து போட்டார்கள். தொழிற்பள்ளிச் சான்றிதழ் எதுவும் இல்லை. காதால் கேட்டே இயந்திரத்தின் நோயைச் சொல்லும் கைப்பழக்கம் மட்டும் இருந்தது.

அவசரகாலம் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. தளபதிகளின் பெயர்கள் இருக்கின்றன. துரைமார்களின் நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. 1958-ல் ஹோர் லுங் என்ற தென்பகுதித் தலைவர் சரணடைந்ததும், அவரைத் தொடர்ந்து பலர் வெளியே வந்ததும், அதன்பிறகே ஜொகூர் மூச்சுவிட்டதும் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாதைகளில் வண்டியை ஓட்டியவன் பெயரைத் தேடினால் 'டிரைவர்' என்ற ஒற்றைச் சொல்தான் அகப்படும்.

ஜொகூர் பாலத்தைக் கடந்த இரண்டு வண்டிகள்

இன்னொரு கதை. 1955 செப்டம்பர் 1-ஆம் தேதி லண்டனிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர்கள் புறப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் அவற்றில் இருந்தார்கள். ஒரு வண்டிக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு', இன்னொன்றுக்கு 'கேம்பிரிட்ஜ்' என்று பெயர். ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, பாகிஸ்தான், இந்தியா, பர்மா, தாய்லாந்து என்று தரைவழியாகவே வந்து, நம் தீபகற்பத்தைக் கடந்து, 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூரை அடைந்தார்கள். சிங்கப்பூருக்குத் தரைவழி என்றால் அன்று ஜொகூர் பாலம் ஒன்றுதான். ஆகவே அந்த இரண்டு வண்டிகளும் ஜொகூர் மண்ணில் ஓடித்தான் கடந்திருக்கின்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1955 டிசம்பரில்தான் துங்கு அப்துல் ரஹ்மான் பாலிங்கில் சின் பெங்கைச் சந்தித்துப் பேசி, அந்தப் பேச்சு முறிந்திருந்தது. அவசரகாலம் முடியாத நாட்டின் வழியாக அந்த மாணவர்கள் பயணம் செய்தார்கள்.

பயணத்தைப் படமெடுத்தார்கள், பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. பயணக் குழுவில் ஒருவரான டிம் ஸ்லெசர் புத்தகம் எழுதினார். பிறகு 'ஆக்ஸ்ஃபோர்டு' வண்டி எங்கெங்கோ சுற்றி, அட்லாண்டிக் கடல் நடுவே உள்ள செயிண்ட் ஹெலினா தீவில் போய் ஒதுங்கியது. நெப்போலியன் கடைசிக் காலத்தைக் கழித்த அதே தீவு! அங்கே பல ஆண்டுகள் கிடந்த வண்டியை 2017-ல் இங்கிலாந்துக்கு மீட்டுக் கொண்டுவந்தார்கள். இயந்திரப் பகுதிகளைச் சீர்செய்தார்கள். 2019 ஆகஸ்டு 25-ஆம் தேதி அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து மறுபடி புறப்பட்டது. மீண்டும் ஜொகூர் வழியாகவே ஏறி, மூன்றரை மாதம் ஓடி, டிசம்பர் 14-ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தது. புறப்படும்போது வண்டிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஸ்லெசருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. அவரும் கூடப் போக வேண்டியவர். உடல்நலம் இடங்கொடுக்காததால் அவருடைய இடத்தில் பேரன் போனார்.

இதில் நமக்கு என்ன பாடம்? அந்த வண்டி மீண்டும் ஓடியதற்குக் காரணம் நல்ல மெக்கானிக் கிடைத்தது மட்டுமல்ல. அது என்ன வண்டி, எங்கே போனது, யார் ஓட்டினார் என்று எழுதி வைத்திருந்தார்கள். பெயர் இருந்தது, பதிவு எண் இருந்தது, படம் இருந்தது. அதனால்தான் கடல் தாண்டிப் போய்த் தேடி எடுத்தார்கள். அதே வயதுடைய எத்தனை தோட்டத்து வண்டிகள் நம் பழைய இரும்புக் கடைகளில் கிலோக் கணக்கில் எடை போடப்பட்டிருக்கும்! வண்டி ஒன்றுதான், வரலாறு எழுதப்பட்டதும் எழுதப்படாததும்தான் வேறுபாடு.

ஜப்பான் இயந்திரம் வந்த கதை

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1960-ல் தொயோத்தா லேண்ட் குரூசரின் நாற்பதாம் வரிசை வந்தது. 1970-ல் சுசுகியின் சின்ன ஜிம்னி வந்தது. 1980-களில் அதன் அடுத்த தலைமுறை நம் நாட்டில் நன்றாகவே பரவியது. சிறிய வண்டி, எளிய இயந்திரம், கைக்கெட்டும் விலை. வீட்டு வாசல் மெக்கானிக்குகளுக்கு ஜிம்னிதான் அரிச்சுவடி என்றால் மிகையில்லை.

அதே சமயம் லேண்ட்ரோவரின் பழைய பெட்ரோல் இயந்திரங்கள் தேய்ந்துபோயின. அசல் பாகம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை. அப்போது கைகொடுத்தது 'ஹாஃப்கட்' வணிகம். ஜப்பானில் வாகனப் பரிசோதனை கடுமையானது. வண்டி பழையதாக ஆக அதை வைத்திருப்பதற்கான செலவும் ஏறும். அதனால் இன்னும் நன்றாக ஓடக்கூடிய இயந்திரங்கள் பாதியாக வெட்டப்பட்ட வண்டிகளாக நம் நாட்டுக்குக் கப்பலேறின. இசுசு, நிசான், தொயோத்தா டீசல் இயந்திரங்கள் லேண்ட்ரோவரின் வயிற்றுக்குள் புகுந்தன. கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் ஓட்டும் லேண்ட்ரோவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலே இங்கிலாந்து, உள்ளே ஜப்பான், ஓட்டுபவர் மலேசியர்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சாங் என்று ஓர் ஊர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு 31 கிலோமீட்டர் கல்பாதை. ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற 1950-களின் லேண்ட்ரோவர்கள் அந்தப் பாதையில் பல பத்தாண்டுகள் பயணிகளை ஏற்றி ஓடின. அவற்றில் பலவற்றுக்குள் மகிந்திரா டீசல் இயந்திரம். உள்ளூர் நேபாளி ஓட்டுநர்களே மெக்கானிக்குகள். அங்கும் தோட்டம், துரை விட்டுப்போன வண்டி, தொழிலாளி மகன் கையில் ஸ்பேனர். நம் கதையின் இரட்டைப் பிள்ளை என்றே சொல்லலாம்.

வாசலில் நடக்கும் வைத்தியம்

சரி, வீட்டில் ஒரு பழைய வண்டியைச் சீர்செய்வது என்றால் என்ன நடக்கிறது? ஆர்வமுள்ள இளைஞர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் வேலை ஸ்பேனர் எடுப்பதல்ல, காகிதம் பார்ப்பது. பதிவுப் பத்திரம், நம்மவர் பேச்சில் 'கிரான்', கையில் இருக்கிறதா? அதிலுள்ள அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வண்டி சாலையேறாது, வீண் வம்புதான் ஏறும்.

இரண்டாவது, அடிச்சட்டம். மேலே அலுமினியம், கீழே எஃகு. மேனி பளபளவென்று இருக்க, உள்ளே சட்டம் அரித்துப் போயிருக்கும். பின்புறக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டுக் கைகள், ஓட்டுநர் காலடியிலுள்ள முன்சுவர் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். காரணம் சேறு தங்குவது. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கடலோரமான மெர்சிங், பொந்தியான் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் அங்கே இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது.

மூன்றாவது, மின்சாரம். 1960-களின் பிற்பகுதி வரை வந்த லேண்ட்ரோவர்களில் பேட்டரியின் நேர்முனை உடற்பகுதியோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் எதிர்முனை. இது தெரியாமல் புதிய வானொலியையோ ஆல்டர்னேட்டரையோ பூட்டினால் புகைதான் வரும்.

நான்காவது, பிரேக். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளை அந்த வேலையில் கிட்டே விடாதீர்கள்.

ஐந்தாவது, பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படமெடுங்கள். போல்ட்டு நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிரிக்க ஒரு நாள், பூட்ட ஓர் ஆண்டு என்பது இந்தத் தொழிலின் பழமொழி. பாதியில் நிற்கும் வண்டிகளில் பல பணமில்லாமல் நிற்பதில்லை; எது எங்கே போகும் என்று தெரியாமல் நிற்கின்றன.

மாற்றலாமா, கூடாதா?

இப்போது சண்டை வரும் இடத்துக்கு வருகிறேன். அசலாகவே காக்க வேண்டும் என்று ஒரு கட்சி. காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வது: "ஜப்பான் இயந்திரம் போட்டபின் அது எப்படி லேண்ட்ரோவர்?" இரண்டாம் கட்சி சொல்வது: "ஓடாத அசலைவிட ஓடும் மாற்று மேல்."

நம் கோயில்களைப் பாருங்கள். ஜொகூர் பாருவில் அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் ஆலயம் 1922-ல் சிறிய அளவில் எழுந்தது. பின்னாளில் திருப்பணி நடந்து, இன்று கண்ணாடிக் கோயிலாக மின்னுகிறது. அம்மன் மாறிவிட்டாள் என்று யாரும் சொல்வதில்லை. திருப்பணிக்கு ஒரு முறை உண்டு. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பெரியவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். கருவறைக்கு ஒரு விதி, சுற்றுச்சுவருக்கு ஒரு விதி. வண்டிக்கும் அப்படியொரு விதியை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

என் கருத்து இதுதான். உயிர் காக்கும் மாற்றத்துக்கு எவரும் தடை சொல்லக்கூடாது. முன்னிருக்கை வார்ப்பட்டை நம் நாட்டில் 1979-லும், பின்னிருக்கைக்கு 2009-லும் கட்டாயமானது. பழைய லேண்ட்ரோவர் பிறந்தபோது அந்தப் பேச்சே இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர், "அசல்தன்மை கெட்டுவிடும்" என்று வார்ப்பட்டையை மறுப்பது அறிவுடைமையல்ல. பிரேக்குக்கும் அதே நியாயம்தான்.

வலுவான இயந்திரம் போடுகிறவர் ஒன்றை எண்ண வேண்டும். சங்கிலியின் வலு அதன் மெலிந்த கண்ணியில்தான் இருக்கிறது. பழைய வண்டியின் பின்அச்சுத் தண்டு பழைய இயந்திரத்தின் வலுவுக்காகச் செய்யப்பட்டது. இரட்டை வலுவை அதில் ஏற்றினால் காட்டுப் பாதை நடுவே முறியும். உயரமான வில்தகடு போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும்; கூடவே அதன் ஈர்ப்பு மையமும் உயர்ந்து வளைவில் கவிழும் ஆபத்து கூடும். பெரிய டயர் போட்டால் வேகமானி குறைத்துக் காட்டும். நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும். ஒன்றை மாற்றினால் அதோடு நான்கை மாற்ற வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. இயந்திரத்தையோ வண்டியின் அமைப்பையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பரிசோதனை வேண்டும். பதிவுப் பத்திரத்தில் புதிய இயந்திர எண் ஏற வேண்டும். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டால், விபத்து நேரும் நாளில் காப்புறுதி நிறுவனம் பார்க்கும். டீசல் மலிவு என்று மாற்றியவர்களின் கணக்கும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலின் பொது மானியம் நீக்கப்பட்டு, ஒரு லிட்டர் 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்தது. காசுக்காக மாற்றியவர் வருந்தினார். வண்டிமேல் உள்ள அன்பால் மாற்றியவர் வண்டியைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இவற்றோடு இன்னொரு விதியையும் சேர்க்கிறேன்: கழற்றியதை எறியாதீர்கள். அசல் இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு மூலையில் வையுங்கள். புதிய துளை போடாமல், இருக்கும் துளையிலேயே பூட்டப் பாருங்கள். நாளை உங்கள் பேரன் மனம் மாறினால் அசலுக்குத் திரும்ப வழி இருக்கட்டும். அவசரகாலத் தகடு அடித்த ஆணித் துளைகள் ஒரு வண்டியில் இருந்தால், அவற்றை அடைத்துப் பூசிவிடாதீர்கள். அது வண்டியின் ஊனமல்ல, சாட்சி. 'ஆக்ஸ்ஃபோர்டு' வண்டியைச் சீர்செய்தவர்கள் இயந்திரத்தைப் புதுப்பித்தார்கள். மேனியின் முதுமையை மறைக்கவில்லை. அதனால்தான் அதைப் பார்த்தவுடன் அது கடந்து வந்த தூரம் தெரிந்தது.

எழுதப்படாத பெயர்கள்

நண்பர்களே, இனி நான் சொல்ல வருவதுதான் என் உரையின் மையம்.

தோட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. 2006-ல் இஸ்கந்தர் மலேசியா தொடங்கிய பிறகு தெற்கு ஜொகூரின் முகமே மாறிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இன்று மாடிவீடு, பேரங்காடி, நெடுஞ்சாலை. பட்டறை இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்ட ஆளில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் கையில் எடுத்துவந்தது சில தட்டுமுட்டுச் சாமான்களும் சாமி படமும்தான். பதிவேடுகள் கம்பெனி அலுவலகத்தோடு போய்விட்டன.

எஞ்சியிருப்பது இரண்டு. ஒன்று, அந்தப் பழைய வண்டிகள். இன்னொன்று, அவற்றை ஓட்டிய, பழுது பார்த்த மனிதர்களின் நினைவு. வண்டிக்கு உதிரிப் பாகம் உண்டு. இணையத்தில் தேடினால் இங்கிலாந்திலிருந்துகூட வரும். மனிதனுக்கு உதிரிப் பாகம் இல்லை. 1960-ல் இருபது வயதில் ஓட்டுநராக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் போகும்போது ஒரு நூலகமே போகிறது.

ஆகவே, பழைய வண்டியைச் சீர்செய்யும் ஒவ்வோர் அன்பருக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியை விற்றவரிடம் விலையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். "ஐயா, இது எந்தத் தோட்டத்து வண்டி? யார் ஓட்டினார்? அவர் வீட்டார் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்த வீட்டைத் தேடிப் போங்கள். பெரியவர் இருந்தால் அவரை வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்த நோய் என்று அவர் சொல்வார். எந்த வளைவில் இராணுவ லோரி எரிந்து கிடந்தது என்றும் சொல்வார். இரண்டும் நமக்கு வேண்டும். முதலாவது வண்டியைக் காக்கும். இரண்டாவது வரலாற்றைக் காக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் வண்டியின் எண், ஆண்டு, ஊர். அடுத்து, ஓட்டியவர்கள் பெயர். அதன்பின், மாற்றிய பாகமும் தேதியும். வண்டி கைமாறும்போது நோட்டும் கைமாறட்டும். நகல் ஒன்றைத் தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ கோயில் அலுவலகத்திலோ வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் 1957-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அங்கே துரைமார்களின் கடிதங்களுக்கு இடம் இருக்கிறது என்றால், நம் ஓட்டுநர்களின் குரலுக்கும் இடம் கேட்பது நம் உரிமை.

எனக்கு முன் பேசிய நண்பர், இது காசைக் கரியாக்கும் வேலை என்றார். வரலாறு தெரியாமல் செய்தால் அவர் சொல்வது சரிதான். வெறும் பளபளப்புக்குச் செலவழித்த காசு கரிதான். வண்டியோடு அதை ஓட்டியவனின் பெயரையும் மீட்டால், அந்தச் செலவை நான் கல்விச் செலவு என்பேன். வாசலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பிள்ளை, வண்டியின் கதையைக் கேட்டுக்கொண்டே தன் பாட்டன் கதையையும் கற்றுக்கொள்கிறான். பாடப்புத்தகத்தில் அவனுக்குக் கிடைக்காத பாடம் அது.

துரை ஏறினார், இறங்கினார், கப்பலேறிப் போய்விட்டார். ஓட்டியவன் இங்கேயே இருந்தான், இங்கேயே மண்ணானான். வண்டியின் கதவில் தோட்டத்தின் பெயரை எழுதினார்கள். அந்தக் கதவுக்கு உட்புறமாவது நம் ஓட்டுநரின் பெயரை நாம் எழுதுவோம்.